முட்டி வலி என்றாலே தேய்மானமா? காரணம் என்ன, எப்படி உறுதி செய்வது

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். மாசி, பங்குனி வந்தால் திண்ணை முழுக்கப் புளிதான். அம்மா ஒரு காலை மடித்து, இன்னொன்றைக் குத்திட்டுக் காலையில் உட்கார்ந்தால், மத்தியானம் களி கிண்டத்தான் எழுந்திருப்பார். ஓடு தட்டுவது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது என்று அப்படியே 25 வருஷம் ஓடியது. 57 வயதில் வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. நாங்கள் டாக்டரிடம் போகவில்லை, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் எல்லாம் தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நேராக ஸ்கேன் எடுக்கப் போனோம். ரிப்போர்ட்டில் "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று வந்தது, முட்டி எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இனிமேல் நடக்கவே முடியாதோ என்ற பயத்தில் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் பார்த்த எலும்பு டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "எழுந்து வாசல் வரைக்கும் நடந்து காட்டுங்கம்மா" என்றார். பிறகு பத்து நிமிஷம் கேள்வி கேட்டார், முட்டியைத் தொட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டிப் பார்த்தார். மூட்டு தேய்மானம்தான், ஆரம்ப நிலை என்றார். ஸ்கேன் சொல்லாத எதையோ அந்தப் பத்து நிமிஷம் சொல்லிவிட்டது. அம்மாவையோ அப்பாவையோ முட்டி வலிக்குக் கூட்டிப் போகப் போகிறவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தை எப்படி நன்றாகப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பு தேய்மானம் வேறு, மூட்டு தேய்மானம் வேறு

நம் பக்கம் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறோம், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே பொறபொறப்பாகிப் போவது ஆஸ்டியோபோரோசிஸ். அது எலும்பு முறிகிற வரைக்கும் பெரும்பாலும் வலிக்காது. இரண்டு எலும்பு சேருகிற இடத்தில், அவற்றின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு கெட்டுப்போவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், அதைத்தான் டாக்டர்கள் மூட்டு தேய்மானம் என்கிறார்கள். முட்டியை நீட்டி மடக்கும்போது வலிப்பது பெரும்பாலும் இதுதான். கால்சியம் மாத்திரை முதல் வியாதிக்கு உதவலாம், குருத்தெலும்பை அது வளர்த்துத் தராது. வருஷக்கணக்காகக் கால்சியம் போட்டுக்கொண்டு "வலி குறையவே இல்லை" என்று சொல்கிற பெண்களை எங்கள் தெருவிலேயே எண்ணிவிடலாம்.

"எண்ணெய்ப் பசை வற்றிப் போச்சு" என்று சொல்வதும் சரியில்லை. தேய்மானம் வந்த முட்டியில் பல நேரம் மூட்டுத் திரவம் கூடித்தான் போகிறது, நீர் கோத்துக்கொண்டு வீங்குவது அதனால்தான்.

உள்ளே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது

தேய்மானம் என்றதும் செருப்பின் அடி தேய்வதுபோல நினைத்துக்கொள்கிறோம், நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து உட்கார்ந்துவிடுகிறோம். இது தப்பு என்பதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ஸ்பாஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீர் வெளியே போய் உள்ளே வருகிற மாதிரி, நாம் நடக்கும்போது அழுந்தி விரிந்துதான் மூட்டுத் திரவத்திலிருந்து அது தனக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. அசைவே இல்லாத மூட்டு பட்டினி கிடக்கிறது. குருத்தெலும்புக்குள் உடைவதும் சரிசெய்வதும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கும், உடைவது அதிகமாகிச் சரிசெய்வது பின்தங்கும்போதுதான் நோய் தொடங்குகிறது. அதன்பின் கீழே இருக்கும் எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முள் மாதிரி எலும்பு துருத்துகிறது, உள்சவ்வு அழற்சியாகி வீங்குகிறது, சுற்றியுள்ள தசை மெலிகிறது. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லையே, வலி எங்கிருந்து வருகிறது என்றால் இந்த எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும்தான். ஆகவே இது மூட்டு முழுவதையும் பிடிக்கிற வியாதி.

காரணம் ஒன்றே ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வயது ஒன்று, ஆனால் வயதானால் எல்லோருக்கும் வந்தே தீரும் என்று இல்லை. 50 வயதுக்கு மேல், அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு, பெண்களுக்கு அதிகமாக வருகிறது. குடும்பத்தில் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. சின்ன வயதில் கபடியிலோ கால்பந்திலோ முட்டிக்குள் ஜவ்வு அறுந்தவர்கள், வண்டியிலிருந்து விழுந்து முட்டிக்குள்ளேயே எலும்பு உடைந்தவர்கள், 40 வயதிலேயே இதைச் சந்திக்கலாம். டாக்டர் "எப்போதாவது அடி பட்டிருக்கிறதா" என்று கேட்டால் போன வருஷத்தை மட்டும் யோசிக்காமல் பள்ளிக்கூட நாள் வரைக்கும் பின்னால் போய் யோசியுங்கள்.

உடல் எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம்மால் மாற்ற முடிந்த காரணம் என்று பார்த்தால் இதுதான் பெரியது. 1 கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். பாரம் மட்டும் காரணமில்லை, கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கிற சில ரசாயனங்களும் மூட்டைக் கெடுக்கின்றன. பாரமே தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் அதிகமாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அப்புறம் வேலை. பல வருஷம் குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் செய்கிற வேலை, அதோடு கனம் தூக்குவதும் சேர்ந்தால் முட்டிக்கு ஆகாது. புளி தட்டுகிறவர்கள், பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிறவர்கள், கிருஷ்ணகிரி பக்கம் கல் குவாரியில் வேலை பார்க்கிறவர்கள், நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கிறவர்கள், நம் மாவட்டங்களில் இப்படித்தானே பாதிப் பேர் பிழைக்கிறோம். வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அம்மாவுக்கு ஒரு மணை செய்து கொடுத்தோம், கால் நீட்டிக்கொள்கிற மாதிரி, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வந்து உட்கார்கிறார்.

தொடையின் முன்பக்கத் தசை பலவீனமாக இருப்பது, கால் வில் மாதிரி வெளியே வளைந்திருப்பது, இரண்டும் சேர்ந்து தேய்மானத்தைத் தூண்டுகின்றன, தேய்மானம் வந்த பிறகு இரண்டுமே இன்னும் மோசமாகின்றன.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம்

ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிய எழுத்து வேலை ஒன்றுமில்லை, நாளைக்கு இரண்டு வரி போதும். அம்மாவுக்கு நான்தான் எழுதினேன்.

முதலில் பார்க்க வேண்டியது காலைப் பிடிப்பு. தூங்கி எழுந்ததும் முட்டி மடங்காமல் இறுகிக் கிடக்கிறதா, அது இளக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். தேய்மானத்தில் இது 30 நிமிஷத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம், அதற்கு மேல் என்றால் டாக்டர் வேறு பக்கம் யோசிக்க ஆரம்பிப்பார். நானும் அம்மாவும் ஓசூரிலிருந்து தருமபுரி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது கவனித்தேன்: கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், முதல் நாலு அடி மரக்கட்டை மாதிரி வைத்தார், அப்புறம் சாதாரணமாக நடந்துவிட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் இறுகிக்கொள்வது, நடந்தால் விட்டுவிடுவது, இது தேய்மானத்தின் நல்ல அடையாளம்.

இரண்டாவது, எந்த வேலையில் வலிக்கிறது. படியேறும்போதா, இறங்கும்போதா? குழிக் கழிவறையில் உட்கார்ந்து எழும்போதா? வேலை செய்தால் கூடி, ஓய்வெடுத்தால் குறைகிறதா? சும்மா படுத்திருக்கும்போதும் ராத்திரி எழுப்பிவிடுகிற வலி என்றால் அதைத் தனியாக எழுதுங்கள்.

மூன்றாவது, இடம். "முட்டி வலிக்குது" என்று சொல்லாமல் ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள். உட்பக்கமா, சில்லுக்கு முன்னாலா, பின்னால் மடிப்பிலா? இடுப்பு மூட்டு கெட்டவர்களில் சிலருக்கு இடுப்பு வலிக்கவே வலிக்காது, முட்டிதான் வலிக்கும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. உட்கார்ந்து செருப்பு வாரைப் போடச் சிரமமாக இருக்கிறதா, தொடை மடிப்பில் பிடிக்கிறதா என்று கேளுங்கள். முதுகிலிருந்து இறங்கிக் கணுக்கால் வரை ஓடுகிற வலி, மதமதப்பு என்றால் அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

இன்னொன்று, இதற்குக் கை போதும். உங்கள் புறங்கையை அவர்கள் தொடையில் வையுங்கள், அடுத்து முட்டிச் சில்லு மேல், அடுத்து கெண்டைக்கால் எலும்பு மேல். சாதாரணமாகச் சில்லு மேல் மற்ற இரண்டு இடத்தையும்விடச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். சூடாகத் தெரிந்தால் உள்ளே அழற்சி இருக்கிறது, நோட்டில் எழுதுங்கள். பிறகு உள்ளங்கையைச் சில்லின் மேல் வைத்துக்கொண்டு காலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். நறநறவென்று மணல் அரைபடுகிற மாதிரி கைக்குத் தெரிந்தால் தேய்மானத்துக்கு அது ஒரு சாட்சி. வலியில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சொடக்கு எல்லோருக்கும் விழும்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துப் போங்கள், மருந்துக் கடையில் பிரித்துக் கொடுத்த வலி மாத்திரையும் சேர்த்துத்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம், வயிற்றுப் புண் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வலி மாத்திரை இவற்றோடு மோதும்.

டாக்டர் அறையில்

45 வயதோ அதற்கு மேலோ, வேலை செய்யும்போது வரும் மூட்டு வலி, காலைப் பிடிப்பு இல்லை அல்லது 30 நிமிஷத்துக்கு மேல் போவதில்லை. இந்த மூன்றும் பொருந்தி வந்தால், வேறு சந்தேகம் இல்லாதபோது எக்ஸ்ரே கூட இல்லாமல் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்றுதான் இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு மருத்துவ வழிமுறை வகுத்துத் தருகிற நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் டாக்டர் உடனே படம் எழுதவில்லை என்றால் "சரியாகப் பார்க்கவில்லை" என்று கோபப்படாதீர்கள். அவர் நடக்கவிட்டுப் பார்ப்பார், கால் வளைவைப் பார்ப்பார், மூட்டின் ஓரத்தை அழுத்துவார், நீர் இருக்கிறதா என்று சில்லைத் தட்டுவார், தொடையைத் திருப்பி இடுப்பைச் சோதிப்பார். புடவையையோ பேன்ட்டையோ முட்டிக்கு மேல் சுலபமாகத் தூக்க முடிகிற மாதிரி உடுத்திப் போனால் அவருக்கும் வசதி, அம்மாவுக்கும் கூச்சம் குறைவு. முட்டியைத் தொடாமலே மருந்து எழுதுகிறார் என்றால் "ஒரு தடவை தொட்டுப் பாருங்கள் சார்" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நின்றபடி எடுக்க வேண்டும், இரண்டு முட்டியும். படுக்க வைத்து எடுத்தால் பாரம் விழாது, எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். சீட்டில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். படத்தில் டாக்டர் தேடுவது நாலு விஷயம்: இடைவெளி குறைந்திருக்கிறதா, ஓரத்தில் எலும்பு முள் இருக்கிறதா, எலும்பு முனை வெளுத்துத் தடித்திருக்கிறதா, எலும்புக்குள் சிறு குழிகள் இருக்கின்றனவா. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, அந்த இடைவெளிதான் அது இருக்கிற இடம்.

ரிப்போர்ட்டில் "கிரேடு 2", "கிரேடு 3" என்று இருக்கும். கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் வகுத்த அளவு அது, 0 முதல் 4 வரை. 2 என்றால் எலும்பு முள் உறுதியாகத் தெரிகிறது, 3 என்றால் இடைவெளியும் தெளிவாகக் குறைந்திருக்கிறது, 4 என்றால் இடைவெளி ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் இந்த எண் வலியின் எண் இல்லை. கிரேடு 4 வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கிரேடு 1-ல் தூக்கம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதைப் படத்தை மட்டும் வைத்து யாரும் சொல்லக்கூடாது.

எம்.ஆர்.ஐ. விஷயத்துக்கு வருகிறேன், அம்மாவைப் பட்டினி போட்ட விஷயம். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு முட்டி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தின ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ பிடிப்போ இருந்ததே இல்லை. வயதோடு தலை நரைப்பதுபோல் ஜவ்விலும் கிழிசல் விழுகிறது, அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. முட்டி மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொள்கிறது, விழுந்த பிறகு கால் நிற்காமல் நழுவுகிறது, எக்ஸ்ரேக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை, இப்படி இருந்தால் டாக்டரே எழுதுவார்.

ரத்தப் பரிசோதனை தேய்மானத்தைக் கண்டுபிடிக்காது, மற்றதை விலக்கத்தான். தேய்மானம் மட்டும் என்றால், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆர்.ஏ. ஃபேக்டர் வயதானவர்களில் ஒன்றும் இல்லாமலேயே பாசிட்டிவ் வருவது உண்டு, அதை மட்டும் பார்த்து முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று முடிவு கட்ட முடியாது. யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடியிருந்தால் உடனே கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வலிக்கிற நோய்) இல்லை, கவுட் முற்றி வலிக்கிற நேரத்தில் அது சரியாகக் காட்டுவதும் உண்டு. ஏ.எஸ்.ஓ. என்று ஒரு டெஸ்ட்டைப் பெரியவர்களின் முட்டி வலிக்கும் எழுதுகிறார்கள், தொண்டைப் புண் கிருமி சம்பந்தமான காய்ச்சலுக்கு உரியது அது.

என் பெரியம்மாவுக்கு இரண்டு வருஷம் "வயசாச்சு, தேய்மானம்" என்றே மருந்து ஓடியது. காலையில் பத்து மணி ஆனாலும் விரல் மடங்காது, இரண்டு மணிக்கட்டும் விரல் கணுவும் வீங்கிச் சூடாக இருக்கும், முட்டி வலியைப் பார்த்தவர்கள் யாரும் கையைப் பார்க்கவில்லை. கடைசியில் அது முடக்குவாதம். சீக்கிரம் மருந்து தொடங்கியிருந்தால் அந்த விரல்களைக் கோணாமல் காப்பாற்றியிருக்கலாம் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே முட்டிக்குப் போனாலும் கையைக் காட்டுங்கள். விரல் நுனிக் கணுவில் கெட்டியாகப் புடைப்பு இருந்தால் அது தேய்மானத்தின் பக்கம் சாட்சி சொல்லும், விரலின் அடிக்கணுவும் மணிக்கட்டும் மெத்தென்று வீங்கினால் முடக்குவாதத்தின் பக்கம். சிக்குன்குனியா வந்து போனவர்கள் அதையும் சொல்லுங்கள், காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலி நிற்கும்.

நம் ஊர் தண்ணீர்

இது வெளியூர் டாக்டருக்கு உடனே தோன்றாமல் போகலாம், நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது, ஃபுளோரைடு உடம்பில் கூடிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற நோய்தான் ஃபுளோரோசிஸ். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போகக்கூடாது. அதற்கு மேல் உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு தடித்து, தசைநார்கள் சுண்ணாம்பு படிந்து இறுகும். கழுத்து, முதுகு, மூட்டு எல்லாம் பிடிக்கும், பார்க்க மூட்டு வாதம் மாதிரியே இருக்கும்.

வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம், ஃபுளோரோசிஸ் முகாம்களில் செய்வதுதான். முட்டியை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கிற காசை எடுக்க முடிகிறதா, முகவாயை நெஞ்சில் தொட முடிகிறதா, கையைப் பக்கவாட்டில் நீட்டி முழங்கையை மடக்கிப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா. மூன்றும் முடியவில்லை, பல்லில் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கோடு இருக்கிறது, வயதும் 40-ஐத் தாண்டவில்லை என்றால் டாக்டரிடம் ஃபுளோரோசிஸ் என்ற வார்த்தையை நீங்களே சொல்லுங்கள். முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃபுளோரைடு பரிசோதனையும் அதற்கு உதவும். குடிக்கிற தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஒருவருக்கே ஃபுளோரோசிஸும் தேய்மானமும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

ஒரு மூட்டு திடீரென்று சிவந்து கொதித்து வீங்கி, காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே அது மூட்டை அழித்துவிடும். நீரை ஊசியில் எடுத்துச் சோதித்துதான் சொல்ல முடியும், எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது ஆபத்து. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்து ராத்திரி எலும்பு வலித்தாலும் அப்படியே.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, எலும்புப் பிரிவில் காலையிலேயே போய் சீட்டு போட்டுவிடுங்கள், கூட்டம் இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். தேய்மானம் என்று முடிவானதும் முதல் மருந்தே தொடைத் தசைக்கான பயிற்சிதான் என்பதால் அந்தத் தொடர்பு தேவைப்படும்.

எக்ஸ்ரே படத்தின் உறை மேல் தேதியையும் எந்தக் கால் என்பதையும் எழுதி, மடிக்காமல் பீரோவுக்கு மேல் தட்டையாக வையுங்கள், நோட்டையும் அதற்குள்ளேயே வையுங்கள். அடுத்த தடவை டாக்டர் பழைய படத்தைக் கேட்பார். எங்கள் வீட்டில் அந்த உறையில் அம்மா கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "காலைப் பிடிப்பு 10 நிமிஷம், முன்பு 25."